அப்பா பேர் என்ன, தம்பி?

நவம்பர் 2, ஞாயிறு

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பையனுக்கு அறை தேடிக்கொண்டிருக்கிறோம். இந்த வெளிநாட்டு ஊரில் உள்ள தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வந்திருந்தது. போட்டவர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர், பல வருஷமாக அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினோம். என்ன வேலை, சிகரெட் உண்டா, நைட் ஷிஃப்ட் வருமா என்று வழக்கமான கேள்விகள். பையன் பெயரைச் சொன்னான். எந்த மதத்திலும் வைக்கக்கூடிய பெயர் அது. அண்ணன் கொஞ்சம் தயங்கினார்.

"அப்பா பேர் என்ன, தம்பி?"

சொன்னான்.

"அடடா, ரூம் நேத்துதான் ஒருத்தருக்குப் பேசி முடிச்சேன். குரூப்ல எடுக்க மறந்துட்டேன் பாருங்க."

பையன் சிரித்துக்கொண்டே, "விடுங்க சார், அப்பா பேரோட முடியும்னு தெரியும்" என்றான். அவன் எந்த மதம் என்று இங்கே எழுதப் போவதில்லை. அண்ணன் எந்த மதம் என்றும் சொல்ல மாட்டேன். வாசிக்கிறவர்களுக்கு இதற்குள் ஓர் ஊகம் வந்திருக்கும். அதை அப்படியே திருப்பிப் போட்டாலும் இது நடக்கும். திருப்பிப் போட்டதையும் இங்கே பார்த்திருக்கிறேன்.

நவம்பர் 5, புதன்

விளம்பரம் புதுப் படங்களோடு மறுபடியும் வந்திருக்கிறது.

போன வருஷம் இதே அண்ணனுக்கு ஓர் உள்ளூர்க்காரர் வீடு தர மறுத்தார். பேச்சின் உச்சரிப்பைக் கேட்டதுமே வீடு போய்விட்டது என்றார். அன்றைக்கு அவர் குழுவில் போட்ட குரல் பதிவில் அத்தனை கொதிப்பு. எங்கே புகார் கொடுக்கலாம் என்று ஆளாளுக்குத் தேடிக் கொடுத்தோம், எல்லா மதத்துக்காரர்களும்தான்.

நவம்பர் 9, ஞாயிறு

குழுவில் ஒரு வீடியோ. ஒரு மதத்தார் ஒட்டுமொத்தமாக இன்னின்ன செய்கிறார்கள் என்கிற வகை. எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, ஒன்றும் கிடையாது. மேலே இரட்டை அம்புக்குறி. அதாவது பல கை மாறி வந்தது. 2020-இலிருந்து இப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரு அரட்டைக்குத்தான் அனுப்ப முடியும் என்று வாட்ஸ்அப்பே கட்டுப்படுத்தியிருக்கிறது. நம் ஆட்கள் அலுக்காமல் ஒவ்வொன்றாக அனுப்புகிறார்கள்.

அடியில் ஒருவர், "பாத்து அண்ணே, வேலைக்கு உலை வச்சிடும்" என்று எழுதியிருந்தார். ஐக்கிய அரபு அமீரகத்தை நினைத்துச் சொல்கிறார். அங்கே மத வெறுப்பைத் தூண்டுவது குற்றம் என்று 2015-இலேயே சட்டம் வந்துவிட்டது. 2020-இல் கொரோனாவைச் சாக்காக வைத்து முஸ்லிம்களைப் பற்றி எழுதிய இந்தியர்கள் சிலருக்கு வேலை போனது. இந்தியத் தூதரே பாகுபாடு நம் சட்டத்துக்கும் ஒழுக்கத்துக்கும் எதிரானது என்று பொதுவெளியில் நினைவூட்ட வேண்டியிருந்தது. இவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டது "பாத்து" என்பதை மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் வீடியோ நீக்கப்பட்டது. வேறொரு சின்னக் குழுவில் அது ஓடிக்கொண்டிருப்பதாகப் பையன் சொல்கிறான்.

எனக்கு இரண்டு நாளாக இங்கிலாந்தின் லெஸ்டர் நகரம்தான் மண்டையில் ஓடுகிறது. 1972-இல் உகாண்டாவின் சர்வாதிகாரி இடி அமீன், ஆசியர்கள் நாட்டை விட்டு வெளியேற 90 நாள் கெடு விதித்தார். இந்து, முஸ்லிம், சீக்கியர், கோவாக் கிறிஸ்தவர் என்று எல்லாரும் சேர்ந்தேதான் விமானம் ஏறினார்கள். லெஸ்டர் நகராட்சியோ, எங்கள் ஊருக்கு வராதீர்கள் என்று உகாண்டா பத்திரிகையிலேயே விளம்பரம் கொடுத்தது. அதையும் மீறி ஆயிரக்கணக்கானோர் போய் அந்த ஊரைத் தங்கள் ஊராக்கினார்கள். சரியாக ஐம்பது வருஷம் கழித்து, 2022 ஆகஸ்டில் துபாயில் ஓர் இந்தியா-பாகிஸ்தான் கிரிக்கெட் ஆட்டம், அப்புறம் செப்டம்பரில் அதே லெஸ்டரில் இந்து இளைஞர்களும் முஸ்லிம் இளைஞர்களும் தெருவில் எதிரெதிரே நின்றார்கள். நடுவில் ஒரு சிறுமியைக் கடத்தப் பார்த்தார்கள் என்று வதந்தி. அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று போலீஸ் சொல்வதற்குள் அது ஊரைச் சுற்றிவிட்டது.

"வராதே" என்ற விளம்பரத்தில் எல்லாருக்கும் ஒரே வரிதான் இருந்தது. அறை விளம்பரம் போடும்போது நாம்தான் வரி பிரிக்கிறோம்.

நவம்பர் 13, வியாழன்

தமிழர் ஒருவர் முந்தாநாள் தூக்கத்திலேயே போய்விட்டார். இறப்புச் சான்று, உடலைப் பதப்படுத்திய சான்று, தூதரகத்தின் தடையில்லாச் சான்று என்று அலைச்சல். தூதரகத்தில் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று 2009-இலிருந்து இருக்கிறது, வழியில்லாதவர்களின் உடலை ஊருக்கு அனுப்ப உதவும். அதற்கு விண்ணப்பித்துவிட்டு, குடும்பத்துக்காகக் குழுவில் வசூலும் ஆரம்பித்தோம். எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது.

"யாரு இவரு, நம்ம ஆளா?"

ஆமாம், தமிழ்தான் என்று அனுப்பினேன்.

"அது தெரியும். நம்ம ஆளான்னு கேட்டேன்."

அவருடைய பாஸ்போர்ட் அப்போது என் கையில்தான் இருந்தது. இந்தியப் பாஸ்போர்ட்டில் மதத்துக்கு ஒரு வரி கிடையாது. பதில் போடவில்லை. அவரும் பணம் போடவில்லை.

ஆனால் எல்லாரையும்விட அதிகம் கொடுத்தது நம் அண்ணன். விடிகாலை சரக்கு முனையம்வரை வந்து, கையெழுத்துப் போட்டு, பெட்டி உள்ளே போகும்வரை நின்றார். இறந்தவர் யார், எந்த வழிபாடு என்பது அவருக்குத் தெரியும், பையனுடைய அதே மதம். போனவருக்காக ராத்தூக்கத்தை விட்ட மனிதருக்கு, இருக்கிறவனுக்கு ஒரு கட்டில் தர மனசு வரவில்லை. கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கல்.

நவம்பர் 16, ஞாயிறு

இன்று சர்வதேசச் சகிப்புத்தன்மை நாள், 1995-இல் யுனெஸ்கோ அறிவித்தது. காலையில் அதற்கான வாழ்த்துப் படத்தைக் குழுவில் போட்டவர் சாட்சாத் அண்ணன்தான்.

மாலை நிர்வாகிகள் கூட்டம். அறை விளம்பரத்தில் மதம் கேட்கக் கூடாது, வீடியோ போட்டால் முதலில் எச்சரிக்கை, அடுத்தது வெளியே என்று விதி வைக்கச் சொன்னேன். வீடியோவுக்கு உடனே ஒத்துக்கொண்டார்கள், பயம் இருக்கிறதே. அறை விஷயத்தில்தான் இழுபறி. "ஒரே வீட்டுக்குள்ள இருக்கப்போறவங்க, பழக்கவழக்கம் ஒத்துப்போக வேண்டாமா?" என்றார் ஒருவர். அப்படியானால் பழக்கத்தைக் கேளுங்கள், அப்பா பெயரை ஏன் கேட்கிறீர்கள் என்றேன். அடுத்த மாதம் பேசலாம் என்று தள்ளிவைத்தார்கள்.

பையனுக்கு வேறு இடம் கிடைத்துவிட்டது, வேறு நாட்டுக்காரர்களோடு. அவர்கள் வாடகைத் தேதியை மட்டும்தான் கேட்டார்களாம்.

இரவு அண்ணனிடமிருந்து செய்தி: "என்னைத்தான் சொன்னீங்கன்னு தெரியும் தம்பி. விதி போடுங்க. ஆனா ரூம் என்னோடது."

எழுத்தில் சண்டை போட்டால் விடியும்வரை போகும். நேரில் வரட்டுமா என்று கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். பையனையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன், அவன் சம்மதித்தால்.