ஐசியூ நோயாளியைப் படிக்கட்டில் இறக்க நாங்கள் தைத்த விரிப்பு

தீப்பிடித்தால் லிஃப்டில் ஏறக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் மூன்றாம் மாடி ஐசியூவில் இருப்பவரை எப்படி இறக்குவீர்கள் என்று கேட்டால் நிறைய இடங்களில் சக்கர ஸ்ட்ரெச்சரைத்தான் காட்டுவார்கள். ஈரோட்டில் நான் பயோமெடிக்கல் வேலை பார்க்கும் மருத்துவமனையில் அந்த ஸ்ட்ரெச்சர் படிக்கட்டுத் திருப்பத்தில் திரும்பவே திரும்பாது. மருத்துவமனைப் படிக்கட்டு 2 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பு. எங்கள் கட்டடம் அதற்கெல்லாம் முந்தையது. 2011 டிசம்பரில் கொல்கத்தாவில் ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில் பற்றிய தீயின் புகை மேல் மாடிகளுக்கு ஏறி, ஏறக்குறைய 90 பேர் இறந்துபோனார்கள். அது நினைவுக்கு வரும்போதெல்லாம் எங்கள் படிக்கட்டுதான் கண்ணில் நிற்கும்.

இதற்கென்று வெளிநாட்டு விரிப்புகள் உண்டு. எப்போதும் மெத்தைக்கு அடியிலேயே கிடக்கும். அவசரம் என்றால் மெத்தையோடு சேர்த்து நோயாளியைக் கட்டி, தூக்காமல் தரையோடு இழுத்துப் போகலாம். விலை அதிகம் என்பதால் நாங்களே செய்து பார்க்க நிர்வாகம் சம்மதித்தது.

சங்ககிரியில் லாரித் தார்ப்பாய் தைக்கும் அண்ணன் ஒருவரிடம் போனோம். சுமை எங்கே இழுக்கும் என்று அவருக்குக் கைப்பழக்கம். கைப்பிடி சேரும் இடங்களில் சதுரமாகத் தைத்து நடுவே பெருக்கல் குறி போட்டால்தான் பிய்யாது என்று அவரே சொன்னார், அப்படியே செய்தார்.

முதலில் மணல் மூட்டைகளைக் கட்டி இழுத்தோம். டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு போனது, படியில் வைத்ததும் பாரம் ஆளை முந்தியது. அதனால் கால் பக்கம் முதலில் இறங்க, தலைமாட்டில் ஒருவர் பிடித்து நிறுத்த நீளமான பட்டை சேர்த்தோம்.

உண்மையில் வடிவத்தை மாற்றியது நைட் டியூட்டி சிஸ்டர்கள்தான். வெல்க்ரோ வேண்டாம், கழுவக் கழுவப் பிடிக்காது என்றார்கள். ஸ்கூல் பையில் வருவது போன்ற கிளிப் போட்டோம். அப்புறம் இருட்டில் கட்டச் சொன்னபோது நெஞ்சுப் பட்டை இடுப்புப் பட்டையோடு மாட்டிக்கொண்டது! நெஞ்சுப் பட்டைக்குக் கிளிப்பின் ஆண் முனை, அதாவது உள்ளே செருகும் முனை, இடப்பக்கம், இடுப்புக்கு வலப்பக்கம் என்று மாற்றித் தைத்தோம், இனி தவறாக மாட்டவே முடியாது. கட்டிலை நகர்த்தும்போது தொங்கும் பட்டைகள் சக்கரத்தில் சிக்கின, அவற்றுக்குப் பை வைத்தோம். வென்டிலேட்டர் நோயாளி என்றால் ஒருவர் கை ஆம்பு பையிலேயே, அதாவது கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பையிலேயே இருக்கும், ஆக இழுக்க ஆள் குறையும். அதை மனதில் வைத்து ஆக்சிஜன் சிலிண்டரை யாரும் தனியாகத் தூக்க வேண்டாமென்று நோயாளியின் கால்களுக்கு நடுவே அதற்கு இடம் கொடுத்தோம். பகலில், நாலு பலசாலி ஆண்களை வைத்துச் சோதித்திருந்தால் இதில் பாதி தெரிந்திருக்காது. செய்ய நினைப்பவர்கள் நைட் ஷிஃப்டில் இருப்பவர்களையே இழுக்க விடுங்கள்.

இப்போது ஐசியூ கட்டில்கள் எல்லாவற்றிலும் போட்டாகிவிட்டது. அடுத்து பிரசவ வார்டு. சிசேரியன் ஆன தாயோடு குழந்தையையும் சேர்த்துக் கட்டலாமா என்று கேட்டேன், அந்த வார்டு சிஸ்டர்கள் கூடவே கூடாது, பட்டை குழந்தை மேல் அழுந்தும், குழந்தையைத் தனியாக ஒருவர்தான் தூக்கவேண்டும் என்கிறார்கள். சரி, அந்த ஆளையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.