சத்தம் நின்றதா, சார்?

இன்று காலையும் கார்ப் பட்டறையிலிருந்து அந்தப் பெண் அழைத்து, "சத்தம் நின்றதா, சார்?" என்று கேட்டார். "இன்னும் நிற்கவில்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன். பத்து நாட்களில் இது நான்காவது முறை. வண்டி சித்தப்பாவுடையது, சத்தமும் அவருடையதே. ஆனால் பட்டறையில் ஜாப் கார்டு எழுதியபோது கைப்பேசி எண் கேட்டதற்கு அவர் வழக்கம்போல என் எண்ணைச் சொல்லிவிட்டதால், பொய் சொல்லும் பொறுப்பு மட்டும் என் தலையில் விழுந்துவிட்டது.

சித்தப்பா தம் பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து அந்த ஜெர்மானியக் காரை இரண்டாம் கையாக வாங்கியதும், வாங்கிய மறுநாள் எஞ்சின் ஆயில் பார்க்கும் கம்பியைத் தேடி அரைமணி நேரம் பானெட்டுக்குள் குனிந்திருந்ததும், அப்படியொரு கம்பியே அதில் கிடையாது, அளவைத் திரையில்தான் பார்க்க வேண்டும் என்று தெரிந்தபோது ஏமாற்றப்பட்டவர்போல் உட்கார்ந்துவிட்டதும் பழைய கதை. அடுத்த அதிர்ச்சி ஸ்டெப்னி. அதுவும் இல்லை. காற்று முழுக்க இறங்கினாலும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் 80 கிலோமீட்டர் தூரம் ஓடக்கூடிய டயர் இது, ஆகவே ஸ்டெப்னி தேவையில்லை என்று விற்றவர் விளக்கினார். சித்தப்பா மனக்கணக்குப் போட்டார். புதுச்சேரியிலிருந்து சென்னை 150 கிலோமீட்டர். பஞ்சரானால் பாதி வழியில் நிற்க வேண்டியதுதான். விழுப்புரம் போய்த் திரும்பச் சரியாக இருக்கும். அன்றிலிருந்து அவர் விழுப்புரத்தைத் தாண்டியதில்லை. ஸ்டெப்னி இருக்க வேண்டிய இடத்தில், டிக்கிப் பலகைக்கு அடியில் காலியாகக் கிடந்த பள்ளத்தை வீணாக்க மனமில்லாமல், குண்டு எறிந்து ஆடும் பிரெஞ்சு விளையாட்டான பெத்தாங்குக்குரிய தம் குண்டுப் பையை அங்கே வைத்துக்கொண்டார்.

சத்தம் வரத் தொடங்கியது அதற்கு வெகுநாள் கழித்து. இடப்பக்கம் திரும்பினால் 'டொக்', வலப்பக்கம் திரும்பினால் சற்று யோசித்துவிட்டு இன்னொரு 'டொக்'. இறக்குமதிக் கார்களை மட்டுமே பார்க்கும் அந்தப் பட்டறைக்கு (பெயர் வேண்டாம், அவர்கள் கொடுத்த காப்பியைக் குடித்தவன் நான்) வண்டியைக் கொண்டுபோனோம். உள்ளே நுழைந்ததும் எனக்கு வந்த முதல் சந்தேகம், நோயாளி யார் என்பதுதான். சித்தப்பாவை இருவர் கைத்தாங்கலாக அழைத்துப்போய்க் குளிரூட்டிய அறையில், எழுந்திருக்கவே முடியாத ஒரு சோபாவில் உட்கார வைத்தார்கள். சர்க்கரை போட்டா, போடாமலா என்று ஒருவர் கேட்டார். பிஒய் 01 என்ற புதுச்சேரிப் பதிவெண் கொண்ட சொகுசு வண்டிகளில் பல, குறைந்த சாலை வரிக்காக இங்கே பதிவாகி வேறு மாநிலங்களில் ஓடுபவை. 2017-இல் கேரளத்தில் அது பெரிய விவகாரமாகி வழக்குவரை போயிற்று. அப்படியிருக்க, அதே எண்ணுடன் லாஸ்பேட்டையிலேயே குடியிருக்கும் ஒரு மனிதரை நேரில் பார்த்த மகிழ்ச்சியோ என்னவோ!

சர்வீஸ் அட்வைசர் மிகுந்த பணிவுடன் கேள்விகளைக் கேட்டு, விடைகளைக் கைக்கணினியில் நிரப்பிக்கொண்டே வந்தார். சத்தம் எப்போது தொடங்கியது என்பதற்கும் அதில் ஒரு கட்டம் இருந்தது. "ஜூலை நடுவில்" என்றார் சித்தப்பா. அந்தக் கட்டத்தை நாங்கள் இருவரும் அப்போதே கொஞ்சம் உற்றுப் பார்த்திருக்கலாம்.

பிறகு ஸ்கேனரை மாட்டினார்கள்; வண்டி தனக்கொரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டது. ஒருவர் மருத்துவர்போல் காதில் குழாயை மாட்டிக்கொண்டு லிஃப்டுக்கு அடியில் நின்று கேட்டார். நின்ற வண்டி என்ன பேசும்? இறுதியில் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் தேய்ந்திருப்பதாகவும், சென்னையிலிருந்து அதை வரவழைக்க வேண்டும் என்றும் முடிவாயிற்று. பதினோரு நாட்கள். அந்தப் பதினோரு நாட்களில் எனக்கு வந்த குறுஞ்செய்திகளை என் திருமணத்துக்கு வந்த வாழ்த்துகளோடு ஒப்பிட்டால் திருமணம் தோற்றுவிடும்: உங்கள் வண்டி பரிசோதிக்கப்படுகிறது, உங்கள் வண்டி கழுவப்படுகிறது, உங்கள் வண்டி காத்திருக்கிறது. புஷ் வந்தது, மாற்றினார்கள், பளபளவென்று துடைத்து, உள்ளே வாசனை தெளித்து ஒப்படைத்தார்கள். வாசலைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினோம். டொக்.

இரண்டாம் முறை போனபோது அந்த அட்வைசரின் முகம் சுருங்கிப்போனதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. இந்த முறை டிக்கியையே காலி செய்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து, வெள்ளைக் கையுறை அணிந்த ஓர் இளைஞர் கண்ணாடித் தாள் உறையில் ஒரு பொருளை ஏந்திக்கொண்டு வந்தார். ஆரஞ்சுப் பழ அளவில் ஓர் எஃகுக் குண்டு. அதன்மேல் 720 என்ற எடையும், சித்தப்பாவின் பெயரின் முதலெழுத்துகளும் பொறிக்கப்பட்டிருந்தன. பையிலிருந்து நழுவி, ஜாக்கி வைக்கும் தெர்மாகோல் தட்டுக்கு அடியில் புகுந்து உருண்டுகொண்டிருந்ததாம். பில்லில் 'சத்தம் கண்டறிதல்' என்று தனியாக ஒரு வரி: கூலி 2,400 ரூபாய், 18 விழுக்காடு வரியுடன் 2,832. அந்தத் தொகைக்கு நானே படுத்துக்கொண்டு தேடியிருப்பேன்.

ஆனால் சித்தப்பா பில்லைப் பார்க்கவில்லை. குண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 மாலை, கொடியேற்றமும் விருந்தும் முடிந்து நடந்த ஆட்டத்துக்குப் பிறகு அந்தக் குண்டு காணாமல்போனது. பெத்தாங்கில் தனியாகவோ இருவர் அணியாகவோ ஆடினால் ஆளுக்கு மூன்று குண்டு வேண்டும். மூவர் அணியில் ஆடினால் இரண்டு போதும். மூன்றில் ஒன்றை இழந்த சித்தப்பா, அதன்பின் மூவர் ஆட்டமே உண்மையான ஆட்டம் என்ற புதிய கொள்கைக்கு மாறினார். அதோடு நிற்கவில்லை. குண்டை எடுத்தவர் இவர்தான் என்று, பிரான்சின் துலோனில் ஒரே படைமுகாமில் படுத்தெழுந்த காலம் முதல் நாற்பது ஆண்டுகள் நண்பராக இருந்த முத்தியால்பேட்டைக்காரரை நோக்கி, எல்லோர் எதிரிலும், இரண்டு மொழிகளில் சொல்லிவிட்டார். ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வண்டியை ஓரங்கட்டி இறங்கிய சித்தப்பா, டிக்கியைத் திறந்து, அந்தக் குண்டை இருந்த இடத்திலேயே மறுபடி வைத்து மூடினார். தூக்கி எறிய மனம் வராது, துலோனில் வாங்கியது. வீட்டுக்குக் கொண்டுபோனால் சித்தி பார்ப்பார்; சித்தி பார்த்தால் மாலைக்குள் முத்தியால்பேட்டை பார்க்கும். ஆகவே சத்தம் நிற்கவில்லை என்பதே எங்கள் இருவரின் அதிகாரபூர்வ நிலைப்பாடு. அந்தப் பெண் பத்துக்குப் பத்து மதிப்பெண் கேட்கிறார். அவர்கள் தகுதியானவர்கள்தாம். கொடுத்தால் சித்தப்பா மாட்டிக்கொள்வார். இலவசமாக இன்னொரு முறை பார்த்துத் தருகிறோம் என்று வேறு கெஞ்சுகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குக் கிளம்பிய சித்தப்பா, என்னிடம் ஒன்றும் சொல்லாமல் வண்டியை முத்தியால்பேட்டைப் பக்கம் விடச்சொன்னார். நண்பர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மன்னிப்பு, விளக்கம் எதுவும் நடக்கவில்லை. "ஏறு" என்றார் சித்தப்பா. அவரும் ஏறிப் பின்னால் உட்கார்ந்தார். மணிக்கூண்டருகே திரும்பினேன். டொக்.

"இரும்புச் சத்தம் மாதிரி இருக்கிறதே" என்றார் நண்பர்.

"புஷ்" என்றார் சித்தப்பா.

அடுத்த திருப்பம்வரை யாரும் பேசவில்லை. டொக்.

"பட்டறையில் காட்டக்கூடாதா?"

"காட்டியாயிற்று" என்று சொல்லிவிட்டு, சித்தப்பா கண்ணாடியை இறக்கி வெளியே பார்க்கத் தொடங்கினார்.