முழு நாவலையும் வகுப்பிலேயே வாசிப்போம்

பாடநூலில் ஒரு நாவல் இடம்பெறும்போது, பெரும்பாலும் அதன் நான்கைந்து பக்கங்கள்தான் மாணவர் கைக்கு வந்து சேர்கின்றன. மேலே நூலாசிரியர் குறிப்பு, கீழே அருஞ்சொற்பொருள், அதன்பின் குறுவினா, நெடுவினா. அந்தப் பகுதியை எவ்வளவு சிறப்பாக நடத்தினாலும், முன்பின் தெரியாத ஒருவருடைய துக்கத்தின் நடுவில் பிள்ளைகளைக் கொண்டுபோய் நிறுத்துவதாகவே அது முடிந்துவிடுகிறது என்பதை மொழி ஆசிரியையாகத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். ஆண்டுக்கு ஒரு நாவலையாவது முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், வகுப்பு நேரத்திலேயே வாசித்து முடிக்க வேண்டும் என்று சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

"போர்ஷன் முடிக்கவே நேரமில்லை" என்பதுதான் முதலில் வரும் மறுப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு நூறு சொற்கள் என்ற நிதானமான வேகத்தில் உரக்க வாசித்தால், நாற்பதாயிரம் சொற்கள் கொண்ட நாவலுக்கு 400 நிமிடங்கள் ஆகும்; 45 நிமிட வகுப்புகளாக எண்ணினால் ஒன்பது வகுப்புகளில் முடிந்துவிடும். வீட்டில் படித்துவரச் சொன்னால் ஏற்கெனவே வாசிக்கும் பழக்கமுள்ளவர்கள்தான் படித்துவருவார்கள். மற்றவர்கள் கதைச்சுருக்கத்தைத் தேடிப் போவார்கள். யாருக்காக இந்த முயற்சியோ அவர்களே விடுபட்டுப்போவார்கள் என்பதால்தான் வகுப்பு நேரத்தை வற்புறுத்துகிறேன்.

வேகமும் முக்கியம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், இருபது ஆசிரியர்கள் 12, 13 வயது மாணவர்களோடு சற்றுக் கடினமான இரண்டு நாவல்களைப் பன்னிரண்டு வாரங்களில் அடுத்தடுத்து, வழக்கத்தைவிட விரைவாக வாசித்து முடித்தார்கள். மாணவர்களின் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் சராசரியாக எட்டரை மாத வளர்ச்சி கண்டது. பின்தங்கிய வாசகர்களிடமோ அது பதினாறு மாத வளர்ச்சியாக இருந்தது. வாசிப்பில் தடுமாறும் மாணவருக்கு எளிய துண்டுகளையே கொடுத்துப் பழகிவிட்ட நாம் இந்த முடிவை நின்று யோசிக்க வேண்டும். அவர்களுக்குத் தேவைப்பட்டது கதையின் ஓட்டம். அத்தியாயத்துக்கு அத்தியாயம் நிறுத்தி வினா விடை எழுதவைக்கும்போது நாம் அறுப்பது அந்த ஓட்டத்தைத்தான்.

நாவலின் பொருள் சேர்ந்து சேர்ந்துதான் உருவாகிறது. என் வகுப்பில் ஒரு நாவலின் கடைசிப் பகுதியை வாசித்துக்கொண்டிருந்தபோது, அதில் வரும் தாய் பூட்டிய வீட்டின் சாவியை மகளிடம் கொடுக்காமலேயே புறப்படுவாள். அதுவரை வாய் திறக்காமல் பின்வரிசையில் இருந்த மாணவன், "டீச்சர், ரெண்டாவது அத்தியாயத்துலயே அந்தம்மா சாவியை இடுப்புல முடிஞ்சுக்கிட்டாங்க, அப்பவே யாரையும் நம்பல" என்றான். உடனே பக்கங்கள் பின்னோக்கிப் புரண்டன. ஒருத்தி அந்த வரியைக் கண்டுபிடித்து வாசித்தாள். இன்னொருவன் அது நம்பிக்கையின்மை இல்லை, பயம் என்று மறுத்தான். அந்த விவாதத்தை நான் தொடங்கிவைக்கவில்லை. நூறு பக்கங்களுக்கு முந்தைய ஒரு வரி நினைவில் தங்கியிருந்ததால் தானாக எழுந்த விவாதம் அது. நான்கு பக்கப் பகுதி எதுவும் இதற்கு இடம் தராது.

வாசிப்பை நடத்தும் முறையில் பெரிய நுணுக்கம் ஏதுமில்லை. உரையாடல் நிறைந்த பகுதிகளை நான் உரக்க வாசிப்பேன், மற்றவற்றை மௌனமாக வாசிக்க விடுவேன். தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் நிறுத்துவதில்லை. முக்கியமான சொல் எப்படியும் மீண்டும் வரும், மூன்றாவது முறை வரும்போது பாதிப் பேருக்கு அதன் பொருள் பிடிபட்டிருக்கும். முந்தைய நாள் வராதவருக்கு அருகிலிருப்பவர் இரண்டு நிமிடங்களில் கதை சொல்லிவிட வேண்டும். கேட்பவரைவிடச் சொல்பவருக்கே அதனால் பயன் அதிகம். முதல் முப்பது பக்கங்கள் எந்த வகுப்புக்கும் கடினமானவை, அங்கேதான் ஆசிரியர் பொறுமையாகக் கைகொடுக்க வேண்டும்.

மதிப்பெண் இல்லாமல் முடியாது என்றால், நாவலை முடித்த பிறகு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதும் ஒற்றை வினா போதும். கதைமாந்தர் ஒருவர் எடுத்த ஒரு முடிவைத் தேர்ந்தெடுத்து, அந்த முடிவு எந்தப் பக்கத்திலிருந்தே உருவாகத் தொடங்கிவிட்டது என்பதை வரிகளைக் காட்டி நிறுவச் சொல்லுங்கள். கதைச்சுருக்கம் மட்டும் படித்தவரால் அதற்கு விடை எழுத முடியாது.