சகுராவும் கல் இடுக்குப் பாசியும்

2024 மார்ச் 29, வெள்ளி

டோக்கியோல சகுரா, அதாவது செர்ரிப் பூ, பூத்தாச்சுன்னு இன்னைக்கு அறிவிச்சுட்டாங்க. யசுகுனி கோயில் வளாகத்துல அதுக்குன்னு ஒரு மரம் இருக்கு, வானிலை ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து அதுல அஞ்சாறு பூவாவது விரிஞ்சிருக்கான்னு பார்த்துட்டுத்தான் சொல்லுவாங்க. போன வருஷம் மார்ச் 14க்கே பூத்துடுச்சு.

ஏப்ரல் 6, சனி

பழைய எடோ கோட்டையைச் சுத்தி இருக்கிற சிதோரிகாஃபுச்சி அகழி ஓரம் ஒரே கூட்டம். மரத்தைப் பார்த்துட்டே யோசிச்சேன், இந்த சோமெய் யோஷினோங்கிற சகுரா ரகம் எடோ காலத்துக் கடைசியில, அதாவது 19ஆம் நூற்றாண்டு நடுவுல, சோமெய் கிராமத்து நர்சரிக்காரங்க பரப்பினது, எல்லாமே ஒட்டுக்கட்டி வந்ததால ஜீன் கணக்குல அத்தனையும் ஒரே மரம்தான், அதான் சொல்லி வச்சாப்ல ஒண்ணா பூக்குது. ஆனா ஒண்ணோட மகரந்தம் இன்னொண்ணுல சேராது, அதனால தங்களுக்குள்ள விதை பிடிக்காது. மனுஷன் ஒட்டுக்கட்டுறதை நிறுத்திட்டா இந்த ரகமே இருக்கிற மரங்களோட முடிஞ்சுது.

இதே கோட்டையோட கல் சுவர் இடுக்குல ஹிகாரிகோக்கேன்னு ஒளிர்ற பாசி இருக்கு! குளிர்ந்த மலைக்குகையில வாழ்றது, நகரத்து நடுவுல எப்படியோ பிழைச்சிருக்கு. 1972ல அந்த இடத்தை இயற்கை நினைவுச்சின்னமா அறிவிச்சாங்க. கிட்ட போய்ப் பார்க்க விடமாட்டாங்க.

ஏப்ரல் 13, சனி

அதனால டோக்கியோ பக்கத்து மாகாணமான சைதாமால இருக்கிற யோஷிமி குகைகளுக்குப் போனேன். 6, 7ஆம் நூற்றாண்டுல பாறையில குடைஞ்ச கல்லறைக் குழிங்க, அதுல சிலதுக்குள்ள இந்தப் பாசி, முன்னாடி இரும்புக் கம்பி. நல்லா குனிஞ்சு பார்த்தா உள்ள தங்கம் கலந்த பச்சையில மினுங்குது, தலையைக் கொஞ்சம் நகர்த்தினா வெறும் மண்ணுதான். அது தானா ஒளி விடுறது இல்ல, இளம் பருவத்துல நூல் நூலா படர்றப்போ செல்லு ஒவ்வொண்ணும் லென்ஸ் வடிவத்துல இருக்கும், உள்ள வர்ற துளி வெளிச்சத்தைக் குவிச்சு பச்சையத்து மேல விழ வைக்கும், மிச்சம் வந்த வழியே திரும்பும், அதான் நம்ம கண்ணுக்குத் தெரியுறது. அவ்வளவு கம்மி வெளிச்சத்துல வேற செடி எதுவும் போட்டிக்கு வராது. ஈரம் போகாம, யாரும் மிதிக்காம இருந்தா போதும் அதுக்கு.

எனக்கு இப்போ சகுரா மேலதான் கவலை. 2012ல ஐச்சி பக்கம் கண்டுபிடிச்ச சிவப்புக் கழுத்து வண்டு சைதாமாவுக்கும் வந்தாச்சு, புழு உள்ள இருந்து மரத்தை அரிச்சுக் கொன்னுடும். அரிதுன்னு பாசிக்குக் கம்பி போட்டோம் சரி, எங்க பார்த்தாலும் நிக்குதேன்னு மரத்தை விட்டுடக் கூடாது. அடிமரத்துல மரத்தூள் குவிஞ்சு கிடந்தா உடனே நகராட்சிக்குச் சொல்லுங்க, இங்க இருக்கிற நம்ம ஆளுங்களும் தான்.