"ரெஸ்ட் எடும்மா" என்பவர்களுக்கு

மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்த என்னைப் பார்த்தால் எல்லோரும் சொல்வது, "ரெஸ்ட் எடும்மா." பிசியோதெரபிஸ்ட் சொன்னதோ நேர் எதிர். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்த பக்கம் தோள் இறுகிவிடும். சுவரைப் பார்த்து நின்று விரல்களாலேயே மெல்ல மெல்ல மேலே ஏற வேண்டும். சமையலறைச் சுவரில் முதலில் சுவிட்ச் போர்டோடு நின்ற கை, இப்போது காலண்டர் ஆணியைத் தொடுகிறது!

நடைக்கு நடேசன் பூங்கா. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான பயிற்சி என்பது பொதுவான பரிந்துரை. பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும். கீமோ களைப்புக்கு நடைதான் மருந்து என்றபோது எரிச்சலாக வந்தது, ஆனால் உண்மை.

அப்புறம், கணு எடுத்த பக்கத்துக் கை வீங்கிவிடும், அதனால் அந்தக் கையால் கனமே தூக்கக்கூடாது என்பது பழைய பேச்சு. மேற்பார்வையோடு, குறைந்த எடையில் தொடங்கி மெல்லக் கூட்டினால் பெரும்பாலோருக்கு அது பாதுகாப்பானதுதான் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கை கனத்தாலோ வளையல் திடீரென்று இறுக்கினாலோ மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

பூங்கா வாசலில் மூலிகைச் சாறு விற்கிற அண்ணன், புற்றுநோயே ஓடிவிடும் என்கிறார். அண்ணே, எனக்கு ராகிக் கூழ் போதும், மோர் மிளகாயோடு.