வாயுத் தொல்லை

இருபது வருடம் டீசல் லாரிக்கு வைத்தியம் பார்த்தவன் நான். மின்சார லாரிகள் வரத் தொடங்கியதும் என் காதுக்கு வேலை போய்விட்டது. இருமல் இல்லை, புகை இல்லை, தட்டல் இல்லை. சும்மா நிற்கிற வண்டியிடம் உடம்புக்கு என்ன என்று எப்படிக் கேட்பது? அதனால் வண்டியின் கம்ப்யூட்டரிடம் கோளாறைக் கேட்டுச் சொல்கிற ஸ்கேனரை நம்பப் பழகினேன். கொஞ்சம் அதிகமாகவே பழகிவிட்டேன் என்பது போன வாரம்தான் தெரிந்தது.

மேடு ஏறும்போது, பவர் குறைக்கப்பட்டது என்று காட்டும் ஆமை விளக்கு எரிகிறது, வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது என்று ஒரு லாரி வந்தது. டிரைவர் இறங்கும்போதே சொன்னார்: "அண்ணே, சார்ஜ் போட்டா வண்டி வயித்துக்குள்ள களக் களக்னு சத்தம் வருது. ஏப்பம் விடுற மாதிரி." நான் தலையை ஆட்டிவிட்டு ஸ்கேனரை மாட்டினேன்.

பேட்டரியைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை ஓடவைக்கிற பம்ப் கோளாறு என்றது ஸ்கேனர். பேட்டரி 47 டிகிரியில் இருந்தது. கூலன்ட் ஹோஸைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புகூட இல்லை. என் கை 90 டிகிரி ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டுத் தொட்டு மரத்துப்போன கை. லித்தியம் பேட்டரியோ நம்மைப் போல 20, 30 டிகிரியில் சுகமாக இருக்கிற ஜாதி. 47 என்றால் அதற்குக் கடும் காய்ச்சல். அந்தச் சூடு ஹோஸுக்கு ஏன் வரவில்லை என்று அங்கேயே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பம்பை மாற்றச் சொல்லிவிட்டேன்.

பேட்டரி மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, காத்திருந்து, மின்னழுத்தம் பூஜ்யம்தானா என்று அளந்து, உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு கேபிள்களுக்கு நடுவே கையை விட்டுப் பம்பை மாற்றி, கூலன்ட் ஊற்றி மூடினேன். வண்டி ஒரு சுற்று போய்த் திரும்பியது. ஆமையும் கூடவே திரும்பியது.

அடுத்து வெப்பநிலை சென்சார் மேல் சந்தேகம். மீட்டர் வைத்துப் பார்த்தேன். சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் ஒழுங்காக இறங்கியது. அதன் மேல் குற்றமில்லை. பழைய பம்பை வாளித் தண்ணீரில் வைத்து ஓட்டினேன். என் சட்டை நனைகிற அளவுக்குப் பீய்ச்சியது. அதன் மேலும் குற்றமில்லை.

அப்போதுதான் ஸ்கேனரில் பம்பின் கணக்கை முழுதாகப் படித்தேன். வேகம் அதிகம், கரன்ட் மிகக் குறைவு. தள்ளுவதற்குத் தண்ணீர் இருந்தால் பம்ப் திணறிக் கரன்ட் இழுக்கும். இது காற்றைக் கடைந்துகொண்டிருந்தது. பேட்டரிச் சூடு ஹோஸுக்கு வராததும் அதனால்தான். ஏப்பம் என்று டிரைவர் சொன்னதும் இதைத்தான். அவர் வந்த முதல் நிமிடத்திலேயே நோயைச் சொல்லிவிட்டார், டாக்டர்தான் கேட்கவில்லை.

"இதுக்குக் கூலன்ட் ஊத்தின அறிவாளி யாருப்பா?" என்று கத்தினேன். "டீசல் வண்டின்னு நினைச்சு மேலாலயே ஊத்திட்டுப் போயிருக்கான்!"

டீசல் என்றால் அது சரி. மூடியைத் திறந்து வைத்து எஞ்சினைச் சூடேற்றினால் காற்று தானே மேலே வந்துவிடும். இங்கே பேட்டரித் தட்டுகள் கீழே படுத்திருக்கின்றன. வழியில் இருக்கிற வால்வுகள் சும்மா திறக்காது. கம்ப்யூட்டர் சொன்னால்தான் திறக்கும். அதனால் வேக்கம் போட்டு, அதாவது உள்ளே இருக்கிற காற்றை இழுத்தெடுத்து, கூலன்ட்டை உறிஞ்ச வைத்துத்தான் நிரப்ப வேண்டும். பிறகு ஸ்கேனரில் காற்று வெளியேற்றும் கட்டளையைக் கொடுத்துப் பம்பை ஓடவிட வேண்டும்.

உதவிக்கு இருந்த தம்பி ஒன்றும் பேசாமல் பழைய ஜாப் கார்டைக் கொண்டுவந்து நீட்டினான். இரண்டு வாரம் முன்பு ஹோஸ் மாற்றியது, கூலன்ட் நிரப்பியது. கீழே கையெழுத்து என்னுடையது. அன்று காலை பம்பை மாற்றிவிட்டு மேலால் ஊற்றிய அறிவாளியும் நானேதான் என்பதற்குக் கார்டே தேவையில்லை. தம்பி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

டிரைவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஒன்றும் இல்லை, கூரைதான்.

வேக்கம் போட்டேன். முள் அசையாமல் நின்றது, கசிவு இல்லை. குழாயைத் திறந்ததும், காலையில் நான் ஊற்றியதைவிட மூன்று லிட்டர் கூடுதலாகக் குடித்தது வண்டி. அப்புறம் கட்டளை கொடுத்தேன். நீளமாக நாலு ஏப்பம் விட்டு அடங்கியது. அதே மேட்டில் ஏற்றிப் பார்த்தோம், ஆமையைக் காணோம்.

புதிய ஜாப் கார்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, 'காற்று' என்று எழுதினேன். காற்றை உள்ளே விட்டது யார் என்று கேட்க அதில் கட்டம் இல்லை. நல்ல கார்டு.