அரைப் புள்ளி

ஆகஸ்ட் 9, இரவு

நாளைய சதுரங்கச் சுற்றில் எனக்குக் கறுப்புக் காய்கள். எதிராளி முதலில் ராணிச் சிப்பாயைத்தான் நகர்த்துவார். வேறெதையும் தொட மாட்டார். என் பதில் குயின்ஸ் கேம்பிட் டிக்ளைன்டு: வெள்ளை நீட்டும் சி4 சிப்பாயை உடனே வெட்டாமல் மையத்தைப் பிடித்து நிற்கும் தொடக்கம். பழைய சரக்கு என்பார்கள். 1927இல் புவெனஸ் அயர்ஸில் கபபிளாங்காவும் அலெகைனும் உலகப் பட்டத்துக்காக ஆடிய 34 ஆட்டங்களில் பெரும்பாலானவை இந்தத் தொடக்கம்தான். 25 ஆட்டங்கள் டிரா. இத்தனை பேர் இடித்தும் விழாத சுவர் எனக்குப் போதும்.

ஆகஸ்ட் 10, நள்ளிரவு

டிரா. கை இன்னும் விறைப்பாகவே இருக்கிறது.

இந்தத் தொடக்கத்தில் கறுப்புக்கு ஒரே தலைவலி சி8 கட்டத்தில் நிற்கும் பிஷப். இ6 சிப்பாய் அதன் வழியை மறித்து நிற்கும். கபபிளாங்கா காட்டிய வழியில் சி4 சிப்பாயை வெட்டி, குதிரையை டி5க்குக் கொண்டுவந்து, ஆளுக்கொரு பிஷப்பும் குதிரையும் போன பிறகு 12ஆவது நகர்த்தலில் இ5 தள்ளினேன். அவர் சளைக்கவில்லை. மையத்தில் மீதிக் குதிரைகளும் வெட்டுப்பட்டதும் எஃப்4 ஆடி என் ராணியை விரட்டினார். அடுத்து எஃப்5 வந்தால் பிஷப்புக்கு மறுபடியும் மூச்சு முட்டும். ராணியை இ4இல் நிறுத்தினேன்.

ராணிகளும் பிஷப்புகளும் சீக்கிரமே வெளியேறின. என் சி சிப்பாயைக் காப்பாற்றப் போனால் யானை அதற்குக் காவலாளாக முடங்கிவிடும். அதைக் கொடுத்துவிட்டு, ராணிப்பக்கத்தில் மிச்சமிருந்ததையெல்லாம் வெட்டித் தீர்த்தேன். ஆளுக்கொரு யானை, ராஜா பக்கத்தில் அவருக்கு நான்கு சிப்பாய்கள், எனக்கு மூன்று. சரியாகத் தற்காத்தால் டிரா ஆகும் நிலை. எஃப்7, ஜி6, எச்5 என்று சிப்பாய்கள் நிற்க வேண்டும். வெள்ளை ஜி4 தள்ளுவதற்குள் எச்5 வந்துவிட வேண்டும். வந்தது.

அதன்பிறகு நெடுநேரம் வறுத்தெடுத்தார். அவர் டிரா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சிப்பாய் கூடுதலாக வைத்திருப்பவரிடம் கை நீட்டுவது எனக்குப் பிடிக்காது. யானையால் பின்னாலிருந்து செக் வைத்துக்கொண்டே இருந்தேன். அதே நிலை மூன்றாம் முறை வரவிருந்தபோது, நகர்த்தலைத் தாளில் மட்டும் எழுதி, காயைத் தொடாமல் கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழைத்தேன். சரிபார்த்து, மூன்று முறை வந்ததால் டிரா என்று ஒப்புக்கொண்டார்.

ஆகஸ்ட் 11

கணினி ஆட்டம் முழுவதையும் கிட்டத்தட்ட 0.00, அதாவது இருவரும் சமம், என்கிறது. அதைப் பார்த்துவிட்டு “ஒன்றுமே நடக்கவில்லையே” என்கிறார் அறைத்தோழர். கடிகாரத்தில் சொற்ப நிமிடங்களோடு அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

எதிராளி இ5 தள்ளி, ராஜாவை முன்னே கொண்டுவந்து, எஃப்5 என்று உடைத்திருந்தால் எனக்கு வேலை இன்னும் கடினமாகியிருக்கும். மதியம் அதைப் பலகையில் வைத்துப் பார்க்க வேண்டும். மாலைச் சுற்றில் எனக்கு வெள்ளை.